மைக் பாய்க்குக் கிடைக்காத வார்டு

கம்பைநல்லூரில் மைக் பாய் தொண்டையைச் செருமினால் மொரப்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவருடைய சொந்தப் பெயர் வாக்காளர் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், கையில் மைக். எங்கள் கட்சிக் கூட்டமோ, காணாமல் போன ஆடோ, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதோ, எல்லாவற்றுக்கும் அதே உற்சாகம்தான். ஒருமுறை ஒரு பெரியவரின் சாவை அறிவித்தவர், பழக்கதோஷத்தில், "அனைவரும் திரளாக வந்து மாபெரும் வெற்றியாக்கித் தருமாறு" கேட்டுக்கொண்டார். செத்தவரின் மகன் சண்டைக்கு வரவில்லை. வந்த கூட்டம் அப்படி.

எங்கள் கட்சிக்கு மதம் கிடையாது. அதை நிரூபிக்க வேண்டிய போதெல்லாம் பாயைத் தேடுவோம். பாய் குல்லா போடுகிறவர் அல்ல. அதனால் ஒன்றியச் செயலாளரே ஒரு குல்லா வாங்கி ஆபீஸ் டிராயரில் வைத்திருந்தார். பேனருக்குப் படம் எடுக்கும்போது எடுத்து மாட்டிவிடுவார். நெற்றியைப் பிடிக்கிறது என்று பாய் வருஷா வருஷம் சொல்வார். பெரிதாக இன்னொன்று வாங்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்படிப்பட்டவர், போன பேரூராட்சித் தேர்தலில் முதல்முறையாகக் கட்சியிடம் ஒன்று கேட்டார். தான் குடியிருக்கும் வார்டில் நிற்க ஒரு சீட்டு. ஆபீஸில் எல்லோரும் உட்கார்ந்தோம். செயலாளர் மெதுவாக ஆரம்பித்தார்.

"நமக்கு மதம் கெடையாதுங்க பாய். ஆனா வார்டுக்கு இருக்குதே. நம்ம சனங்க உங்களுக்கு ஓட்டுப் போடுவாங்களா?"

'நம்ம சனங்க' என்றதும் பாய் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் முறை வந்தபோது நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டு செயலாளரின் மச்சானுக்குப் போனது.

பாய் இனி வரமாட்டார் என்று நினைத்தோம். மறுநாள் காலை வண்டியோடு வந்து நின்றார். அவர் புகழ்ந்த புகழ்ச்சியில் மச்சானுக்கே அது வேறு யாரோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்.

மாரியம்மன் கோயிலருகே வண்டி நின்றபோது, கூழ் ஊற்றும் கமிட்டியைச் சேர்ந்த அம்மா ஒருவர் வந்தார்.

"ஏங்க பாய், நீங்க நிக்கலீங்களா? உங்களுக்குத்தான் போடறதுன்னு எங்க தெருவுல பேசி வெச்சிருந்தோம்."

பாய் முதலில் மைக்கை அணைத்தார். பிறகு, "உடம்பு சரியில்லீங்கம்மா, அதான்" என்றார்.

எனக்குக் கையில் இருந்த நோட்டீஸையெல்லாம் அங்கேயே போட்டுவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன்.

"வேற என்னாங்க சொல்றது? கட்சியப் பத்தி அந்தம்மா கேவலமா நெனைக்க மாட்டாங்களா?"

மச்சான் தோற்றார். வார்டு சனங்களுக்கு நன்றியில்லை என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். அந்த அம்மா சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். செயலாளர் ஃபேனைக் கூட்டி வைத்தார்.

அடுத்த தேர்தலுக்குப் பாயின் பெயரை நானே முன்மொழிவதாக இருக்கிறேன். அதற்குச் சம்மதம் கேட்கத்தான் அடிக்கடி அவர் வீட்டுக்குப் போகிறேன். போய் உட்கார்ந்ததும் வாய் வருவதில்லை. அவரும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்பதில்லை. டீ போடச் சொல்லி உள்ளே குரல் கொடுக்கிறார். எனக்குச் சர்க்கரை கம்மி என்பதையும் மறக்காமல் சொல்கிறார்.