பீரோ வீடு போய்ச் சேர்ந்ததா?

எண்பதுகளில் உலகத்தின் மூலை முடுக்குகளில் எடுக்கப்பட்டு, எடுத்தவர்களே மறந்துபோன படங்கள் அத்தனையையும் பார்த்துவிட்டு, அவற்றில் ஒன்றின் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாத ஒரே மனிதர் அறந்தாங்கியில் இருக்கிறார். இயக்கியது யார் என்று கேட்டால், "பேரெல்லாம் கடைசியிலதான் சார் ஓடும். அதுக்குள்ள நம்மாளுக லைட்டைப் போட்ருவாக" என்பார். அவருக்கு ஊரில் வழங்கும் பெயர் மீதிப்படம்.

எங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்கு நான் செயலாளர். கருவூலத்தில் வேலை பார்த்தவன். முத்திரை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் சம்பளப் பட்டியலைத் திருப்பி அனுப்பிய பெருமை எனக்கு உண்டு. மீதிப்படத்துக்கு ஓய்வூதியம் கிடையாது. இளமையில் வளைகுடாவில் வெல்டர். ஊர் திரும்பிய பிறகு விசேஷ வீடுகளுக்கு மைக் செட்டும் புரொஜெக்டரும் வாடகைக்கு விடுகிறார். ஓய்வூதியம் பெறாதவர் சங்கத்தில் உறுப்பினராக விதியில்லை. ஆனால் சங்கத்திடம் புரொஜெக்டரும் இல்லை. ஆகவே அவரைச் 'சிறப்பு அழைப்பாளர்' என்ற வகையில் சேர்த்தேன். ஒருவர் எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து சிறப்பாக இருக்கலாம் என்று விதியில் எங்கும் சொல்லவில்லை.

மாதக் கூட்டம் முடிந்ததும் அவர் ராஜ்ஜியம் தொடங்கும். பழைய காதணி விழா ஃபிளெக்ஸ்களைக் கொண்டு ஜன்னல்களை அடைப்பார். அவற்றில் அச்சான தாய்மாமன்கள் தெருவைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்க, உள்ளே ஹங்கேரியிலோ செனகலிலோ யாரோ ஒருவர் தன் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"என்னங்க மீதி, அந்தாளு ரொம்ப நேரமா நடந்துக்கிட்டே இருக்காரு?" என்பார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான ஹெச்.எம். சார்.

"அங்கிட்டு மினி பஸ் விடலை போல. பேசாமப் பாருங்க சார்."

சுண்டல் வெந்துவிட்டது என்று சமையற்கட்டிலிருந்து தகவல் வந்தால் படம் நிற்கும். அதுதான் இடைவேளை. உலகப் படங்களுக்கு இடைவேளையே கிடையாது என்று ஹெச்.எம். சார் ஒருநாள் எடுத்துச் சொன்னார். மீதிப்படம் உண்மையாகவே வருந்தினார். "பாவம் சார். அவுகளுக்கு யாரு டீ குடுப்பா?"

மொழி தெரியாதது அவருக்கு ஒரு குறையே அல்ல. நாடுகளை டீயை வைத்துப் பிரிப்பார். "சின்னக் கிளாஸ்ல சீனிக்கட்டியோட குடிச்சா கல்ஃபுக்கு அங்கிட்டு. சாஸர்ல ஊத்திக் குடிச்சா அதுக்கும் அங்கிட்டு. டீயே குடிக்காம சோகமா இருந்தா ஐரோப்பா." இந்தப் பகுப்பு பெரும்பாலும் சரியாக இருந்ததுதான் எனக்கு எரிச்சல்.

படங்களிலும் சில நன்றாகவே இருந்து தொலைத்தன. ஒன்றில் ஒரு எழுத்தர் நாள் முழுவதும் முத்திரை குத்துகிறார். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேசையிலும் வெறுங்கையால் குத்துகிறார். அவர் முத்திரையைச் சாய்வாகப் பிடித்திருந்ததை நான் கடைசிவரை வெளியே சொல்லவில்லை. ஒரு கலைப்படைப்புக்கு நான் தந்த அதிகபட்ச மரியாதை அது.

இவ்வளவு படமும் கலைத்தாகத்தால் பார்க்கப்பட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் தேடியது ஒரே ஒரு படத்தை. அதிலும் அதன் மீதியை.

எண்பதுகளில் வளைகுடாவில், கம்பெனி கேம்ப்பில், அவர் அறையிலிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் தன் ஊர்ப் படம் ஒன்றைக் கேசட்டில் போட்டுக் காட்டியிருக்கிறார். ஒருவன் நகரத்தில் ஆள் உயரக் கண்ணாடி பதித்த மரப் பீரோ ஒன்றை வாங்கி, கோவேறு கழுதை மேல் கட்டி, பனிமலை வழியாகத் தன் மனைவிக்குக் கொண்டுபோகிறான். வழியில் கழுதை ஓடிவிடுகிறது. முதுகில் சுமக்கிறான். கடைசியில் உறைந்துகிடக்கும் ஒரு ஆறு. அக்கரையில் அவன் வீட்டுப் புகைபோக்கி தெரிகிறது. பனிக்கட்டி மேல் காலை வைக்கிறான். அந்த இடத்தில் திரை இருண்டது. அறைக்காரர் டிவியை அணைத்துவிட்டு, ஏதோ சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு படுத்துவிட்டார். கேம்ப்பில் சுற்றிய கேசட்டுகள் காப்பிக்குக் காப்பி எடுத்தவை. பலவற்றுக்கு வால் இருக்காது. இதற்கும் இல்லை என்று இவர் முடிவு செய்தார். விசாரிக்கப் பொது மொழி இல்லை. அடுத்த வாரம் அந்த ஆள் வேறு சைட்டுக்கு மாற்றலாகிவிட்டார்.

இதோடு நின்றிருந்தால் வம்பில்லை. அந்தக் காலத்தில் கடிதத்துக்குப் பதிலாகப் பேச்சைக் கேசட்டில் பதிந்து ஊருக்குக் கொடுத்தனுப்புவார்கள். புது மனைவிக்கு இந்தக் கதையை முழுக் கேசட்டில் சொல்லி, முடிவையும் இவரே சேர்த்துவிட்டார்: பீரோ பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தது, கண்ணாடியில் கீறல்கூட இல்லை.

பதில் கேசட்டில் அந்த அம்மாள் நலம் விசாரிக்கவில்லை. "பொய் சொல்லாதீங்க. பனிக்கட்டி அம்புட்டுக் கனத்தத் தாங்குமா?"

அன்று தொடங்கியது. சிலிண்டர் புக் பண்ணிவிட்டேன் என்றாலும், மீன் இன்று பிடித்ததுதான் என்றாலும், பல்வலி குறைந்துவிட்டது என்றாலும் வீட்டில் ஒரே பதில்: "ஆமா, பீரோ வீடு போய்ச் சேந்த மாதிரிதான?" சொந்த வீட்டில் சொல்லுக்கு மதிப்பில்லாத மனிதர், தன் வார்த்தையை மெய்ப்பிக்கத் தரணியெங்கும் சாட்சி தேடிக்கொண்டிருந்தார். அதன் உபவிளைவுதான் எங்களுக்குக் கிடைத்த உலக சினிமா.

இந்த விவகாரத்தின் கோப்பை நான் கையில் எடுத்தேன்.

"அறைக்காரர் எந்த நாடு?"

"ரஷ்யா சார்."

"அவரே சொன்னாரா?"

"வெள்ளையா இருந்தாருல்ல?"

இந்த ஆதாரத்தை நம்பி முதலில் ஆண்டுக்கணக்கில் ரஷ்யப் பனியைத் தேடியிருக்கிறார்; அங்கே கிடைக்காமல்தான் மற்ற நாடுகளுக்குப் போயிருக்கிறார்! பெயர் மறந்த படங்களைக் கண்டுபிடித்துத் தரவே இணையத்தில் ஆட்கள் இருப்பதாக ஹெச்.எம். சார் சொன்னார். பொருள், பார்வை எல்லாம் போட்டு, முறையான ஆங்கிலத்தில், 'விரைந்து ஆவன செய்ய வேண்டுகிறேன்' என்று முடித்து ஒரு விண்ணப்பம் அனுப்பினேன். மறுநாளே துருக்கியிலிருந்து ஒரு பெண் பதில் எழுதினார். அவர்கள் நாட்டிலேயே அந்தப் படத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவாம். இவருக்குத் தெரிந்ததற்குக் காரணம், ஓடிப்போன கோவேறு கழுதை இவருடைய பெரியப்பாவுடையது. படத்தையும் அனுப்பியிருந்தார். கூட்டத்துக்கு முன் அதை யாரும் போட்டுப் பார்க்க நான் விடவில்லை. என் பணிக்காலம் முழுவதும் நான் எழுதிய எந்தக் கடிதமும் இந்த வேகத்தில் பைசல் ஆனதில்லை.

திரையிடும் நாள் காலையில் மீதிப்படம் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"சார், வீட்லயும் வாராக. ஒருவேளை பீரோ ஆத்துக்குள்ள போயிருந்துச்சுன்னா..."

"இருந்தா?"

"இடைவேளையோட நிப்பாட்டிருவமா? கரண்ட்டு போயிருச்சுன்னு சொல்லிக்கலாம்."

"நிகழ்ச்சி நிரலில் ஏற்றிய பொருளை முடிக்காமல் கூட்டத்தைக் கலைக்க விதியில்லை" என்றேன்.

"நீங்கெல்லாம் மனுசனா சார்?" என்றவர் புரொஜெக்டரை நோக்கிப் போனார்.

அந்த அம்மாள் முதல் வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தீர்ப்புச் சொல்ல வந்தவர் போல உட்கார்ந்தார். சுண்டல் வெந்தும் அன்று இடைவேளை விடவில்லை. கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை. பீரோ மலையேறியது. கழுதை ஓடியது. "கயித்தை ஒழுங்காக் கட்டிருக்கணும்" என்றார் அம்மாள். அவன் முதுகில் ஏற்றினான். கண்ணாடியில் மலையும் வானமும் ஆடி ஆடி வந்தன. ஆறு வந்தது. புகைபோக்கி தெரிந்தது. காலை வைத்தான்.

திரை இருண்டது.

"இங்கதான்! அன்னைக்கும் இங்கதான் சார் நின்னுச்சு!" மீதிப்படம் துள்ளி எழுந்து, மிச்சம் ஓடுவதற்குள் வயரைப் பிடுங்கப் போனார். சுவிட்ச் பக்கம் போன ஒருவரை நான் அதட்டி உட்காரவைத்தேன். லைட் போடவில்லை. திரையின் அடியிலிருந்து பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. நடிகர்கள், ஒளிப்பதிவு, இசை. கழுதைக்காரர் பெயரும் இருந்தது. கருவூலத்தில் இறுதிக் கையொப்பம் விழுந்தால் கணக்கு முடிந்தது என்று அர்த்தம். திரையிலும் அதற்கு மேல் எதுவும் இல்லை.

"அம்புட்டுத்தானா?" என்றார் மீதிப்படம். "அப்ப நான் அன்னைக்கே முழுப்படமும் பாத்துட்டனா?"

"முடிவை நம்ம யோசனைக்கு விடுறது ஒரு பாணி" என்று தொடங்கினார் ஹெச்.எம். சார்.

"யோசிக்கவா சார் இத்தனை வருசம் தேடுனேன்?" என்று நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அவர் தேடிய சாட்சி, வந்து நின்று, வாய் திறக்காமல் போய்விட்டது. எங்களில் யாராலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம். அங்கே தாய்மாமன்களின் முதுகுப்பக்கம்தான் இருந்தது.

அந்த அம்மாள் எழுந்தார். கைப்பையைத் தோளில் மாட்டினார். கணவர் பக்கத்தில் போய் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம். அதெல்லாம் போய்ச் சேந்துருக்கும்."

கூட்டக் குறிப்பில் கடைசி வரியாக எழுதினேன்: 'பீரோ வீடு போய்ச் சேர்ந்ததாக ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' சிறப்பு அழைப்பாளருக்கு வாக்குரிமை இல்லை; அவர் மனைவிக்கு அறவே இல்லை. இருந்தாலும் இருவர் பெயரையும் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்று சேர்த்துவிட்டேன். தணிக்கையில் யாராவது ஆட்சேபித்தால் ஆட்சேபிக்கட்டும்.