யூனிஸ் அம்மாவின் இடது கால்

"இந்த வருஷம் ஜாம் போட்டிக்கு நடுவர் யாருன்னு சொல்லு பார்ப்போம்!"

பத்திரிகை ஆசிரியர் வெண்டல் கிராஸ் இப்படிக் கேட்டபடி உள்ளே வந்தபோது, ஹார்லன் ட்வெட் ஒரு டயர் படத்தின் பின்பக்கம் மெழுகு தடவிக்கொண்டிருந்தார்.

"யாரு?"

"நம்ம யூனிஸ் ஃபால்க்! சனிக்கிழமை திருவிழாவுக்கு அவங்களக் கூட்டிட்டு வர்றது உன் பொறுப்பு."

டயர் கைநழுவிக் கீழே விழுந்து, ஹார்லனின் செருப்பில் ஒட்டிக்கொண்டது.

எல்ம் ஃபோர்க் வாரப் பத்திரிகையில் 'சமையலறை ஜன்னல்' என்ற சமையல் பகுதியை எழுதும் யூனிஸ் அம்மாவை மினசோட்டாவின் அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. வட்டக் கண்ணாடி, கொண்டை, கையில் கரண்டி, வாரம் தவறாத புன்னகை. அவரிடம் ஒரே ஒரு குறைதான். அப்படி ஒருவர் கிடையாது.

அவர் பிறந்தது படப் புத்தகத்தின் பதினாலாம் பக்கத்தில். சிகாகோவிலிருந்து மாதாமாதம் வரும் அந்தத் தடிப் புத்தகத்தில் வான்கோழி, மணப்பெண், சோபா, நாய்க்குட்டி என்று எல்லாமே தயாராக வரைந்து கிடக்கும். வேண்டியதை வெட்டி, மெழுகு தடவி, பக்கத்தில் ஒட்டிவிட வேண்டியதுதான். 1976ல் அமெரிக்காவில் பாதிப் பத்திரிகைகள் இப்படித்தான் படம் காட்டின. ஹார்லன் இருபத்தாறு வருடமாகப் பக்கம் ஒட்டுகிறவர்.

'சமையலறை ஜன்ன'லை முதலில் எழுதியவர் அவர் மனைவி அல்மா. இரண்டு வருடத்துக்கு முன், ஒரு மார்ச் மாதத்தில் இறந்துபோனார். "இல்லாதவங்க பேர்ல சமையல் குறிப்பு போட முடியாதுப்பா. ரெடிமேடா எழுதி விக்கிறாங்க, வாங்கிப் போட்டுக்குவோம்" என்றார் வெண்டல். அல்மாவின் நோட்டில் பாதிகூட அச்சாகியிருக்கவில்லை. ஹார்லன் வாயில் வந்ததைச் சொன்னார்: "ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா இருக்காங்க. தபால்ல அனுப்புவாங்க. ரொம்பக் கூச்ச சுபாவம்."

அன்றிலிருந்து செவ்வாய்தோறும் நோட்டில் ஒரு பக்கத்தைத் தட்டச்சு செய்து, தலைப்பில் அந்தப் புன்னகையை ஒட்டிவந்தார். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அவர் அல்மாவோடு இருந்தார். யூனிஸ் பொய் என்று தெரிந்தால் அந்த நேரமும் போய்விடும்.

"யூனிஸுக்குக் கால் ஒடிஞ்சிருச்சு" என்றார் ஹார்லன்.

"அய்யய்யோ! எந்தக் கால்?"

"இடது."

"அப்ப முதல் பக்கத்துல போட்ருவோம். படத்தோட."

படத்துக்கு எங்கே போவது? பதினாலாம் பக்கத்தில் யூனிஸ் நன்றாக நின்றுகொண்டிருந்தார். இன்சூரன்ஸ் விளம்பரங்களுக்கான முப்பத்தொன்றாம் பக்கத்தில் மாவுக்கட்டு போட்ட கால் ஒன்று இருந்தது, ஆனால் அது ஓர் ஆம்பளையுடையது. ஹார்லன் கத்தரிக்கோலை எடுத்தார். அந்தக் காலை யூனிஸின் ஏப்ரனுக்குக் கீழே ஒட்டினார்.

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. கரண்டியும் புன்னகையுமாக யூனிஸ். வலது காலைப்போல் இரண்டு மடங்கு இடது கால்.

காபிக் கடையில் சவ அடக்கக்காரர் ஆர்வில் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "கால் ரொம்ப வீங்கியிருக்கே ஹார்லன்?"

"ஒடிஞ்சா வீங்கும்."

"முடி கூடவா மொளைக்கும்?"

ஹார்லன் காபியைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. மணி அடித்தால் எழுந்து போகும் பழக்கம் அவருக்கு விட்டுப்போய் ரொம்ப நாளாயிற்று. சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஹார்லன்! யூனிஸுக்குக் கொண்டாந்திருக்கேன்! சூடு ஆறிடும்!"

குரல் சர்ச் அலுவலகத்து மர்டில் சாண்ட்விக்குடையது. யூனிஸுக்கு என்று சொன்னபின் திறக்காமல் இருந்தால் சந்தேகம் வரும். திறந்தார். மர்டில் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை நீட்டினார். நூடுல்ஸும் டூனா மீனும், மேலே பொரித்த வெங்காயம்.

"உங்களுக்குத்தான வழி தெரியும். கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

அந்த ஊரில் காலொடிந்தாலும் ஆள் போனாலும் டாக்டருக்கு முன்னால் பாத்திரம் வந்துவிடும். அடியில் டேப்பில் பெயர் எழுதியிருக்கும், கழுவித் திருப்பிக் கொடுக்க. இருட்டுவதற்குள் மேசையில் ஆறு பாத்திரங்கள் சேர்ந்துவிட்டன.

சாப்பாட்டைக் குப்பையில் கொட்ட ஹார்லனுக்கு மனம் வரவில்லை. ஒரு கரண்டி எடுத்தார். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டு வருடமாக டின் சூப்பில் ஓடிக்கொண்டிருந்த உடம்பு அது.

மறுநாள் மர்டில் வாசலில் நின்றார். "எப்படி இருந்துச்சாம்?"

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று ஹார்லன் உண்மையைச் சொல்லிவிட்டார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "அப்படின்னு அவங்க சொன்னாங்க" என்றார்.

மதியமே உப்பு குறைத்து இன்னொரு பாத்திரம் வந்தது. இப்படியே போனால் சட்டைப் பொத்தான் தெறித்துவிடும் என்று பயந்து, "யூனிஸ் அயோவாவுல தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்க" என்று அறிவித்தார்.

"தங்கச்சியும் இருக்காங்களா!" என்றார் மர்டில். "அப்ப ரெண்டு பாத்திரமா குடுத்துவிடறோம். பஸ்ல போட்டு அனுப்பிடுங்க."

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பாத்திரங்கள் பதினொன்று ஆயின. வேறு வழி தெரியாமல் ஹார்லன் யூனிஸைக் குணப்படுத்தினார். "கால் சரியாயிருச்சு. இனிமே யாரும் சமைக்க வேண்டாம்."

"அஞ்சே நாள்லயா!" வெண்டல் அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். "அப்ப நாளைக்கு ஜாம் போட்டிக்கு வந்துடுவாங்க. பேனர் எழுதச் சொல்லிடறேன்."

சனிக்கிழமை காலை, கழுவித் துடைத்த பதினொரு பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக் காரில் ஏற்றிக்கொண்டு ஹார்லன் சர்ச்சுக்குப் போனார். அல்மாவின் நோட்டும் முன்சீட்டில் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடுவது, பிறகு வெண்டல் காலில் விழுவது என்று முடிவு.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குள் போனபோது, மர்டில் ஞாயிற்றுக்கிழமை சர்ச் நோட்டீஸுக்குப் படம் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"யூனிஸ் வரமாட்டாங்க" என்றார் ஹார்லன். "வரவே முடியாது. அப்படி யாரும் இல்ல மர்டில். அது ஒரு படம். எழுதினதெல்லாம் அல்மா. அதை நிறுத்திடக் கூடாதுன்னுதான் நான்..."

மர்டில் நிமிரக்கூட இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துப் போட்டார். அதே சிகாகோ புத்தகம். பதினாலாம் பக்கத்தைப் பிரித்தார். கரண்டிக்காரி இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை.

"எங்களுக்கும்தான் வருது. அன்னையர் தின நோட்டீஸுக்கு நான்தான் அவளை வெட்டினேன்."

ஹார்லன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "எப்ப இருந்து தெரியும்?"

"மொத வாரமே. ஏலக்காய் ரொட்டி போட்டிருந்தீங்க. அல்மா கைப்பக்குவம் இந்த ஊர்ல யாருக்குத் தெரியாது?"

"வெண்டலுக்கு?"

"பெட்டியில கடைசிப் பாத்திரத்தைத் திருப்பிப் பாருங்க."

திருப்பினார். டேப்பில் 'கிராஸ்' என்று எழுதியிருந்தது. ஆசிரியர் மனைவியின் கையெழுத்து.

"அப்ப... நிறுத்த மாட்டாரா?"

"நிறுத்தினா அவருக்கு வீட்ல சோறு கிடைக்குமா? அடுத்த வாரம் பிளம் ஜாம் போடுங்க, எல்லாரும் கேக்கறாங்க. இன்னிக்கு நடுவரா நீங்களே வந்து உக்காருங்க. நல்லா ருசி பாக்கறீங்க."

ஹார்லன் பெட்டியைப் பார்த்தார், ஓட்டை விழுந்த பக்கத்தைப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தா, இல்லாத ஒரு பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு சமைச்சீங்க?"

மர்டில் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அல்மா போனப்போ இதே பாத்திரங்களோட உங்க வாசல்ல ஒரு வாரம் வந்து நின்னோம், நீங்க கதவையே தொறக்கல ஹார்லன், யூனிஸுக்குன்னாதான் தொறக்கிறீங்க."