கேப்டன் இலாரியாவின் பிறப்புச் சான்றிதழ்

மெரிடா, யுகாத்தான்
வெள்ளிக்கிழமை காலை

‘சாம்பல் துறைமுகம்’ வீடியோ கேமின் கதைப் பிரிவுத் தலைவர், மதிப்பிற்குரிய பட்டதாரி லிசென்சியாடோ அவர்களின் சமூகத்துக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாயிருக்க வேண்டும் என்று எல்லாப் புனிதர்களையும் வேண்டிக்கொள்கிறேன். தங்கள் கதைப் பிரிவு நலமாயில்லை என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். என் பெயர் எவெலியோ கான்செ. இந்த ஊர்ப் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் எழுதிய பதிவேடுகளில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. அதற்காகவே அலுவலகச் சுவரில் என் படத்தை மாட்டியிருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை பத்து மணிக்குப் பிறகும் அது அங்கே தொங்குமா என்பது தங்கள் கையில் இருக்கிறது.

என் மகள் சுலேமிக்கு முப்பத்தொரு வயது. உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லித் தருகிறாள், அதாவது அவளுக்கு அறிவு இருப்பதாக அரசாங்கமே நம்புகிறது. ஆனால் சனிக்கிழமை மாலை நாலு மணி அடித்தால், தங்கள் கேமின் ரசிகர் பதினெட்டுப் பேரை என் வீட்டு முற்றத்தில் கூட்டிவிடுவாள். அதில் இரண்டு பேர் என் வலை ஊஞ்சலில் ஏறிக்கொள்வார்கள். பீன்ஸ் அடைத்த பனூச்சோ ரொட்டி சுட்டுச் சுட்டு என் மனைவி ரெமியின் கை ஓய்ந்துபோகும். கூடி விளையாடுகிறார்களா என்றால், அதுதான் இல்லை. தங்கள் கதாநாயகி கேப்டன் இலாரியாவுக்கு என்ன வயசு என்று சண்டை போடுகிறார்கள். ஒன்றரை வருஷமாக இதே சண்டை, ஐயா. இந்த நேரத்தில் ஒரு கல்யாணம் முடிந்து, பிள்ளை பிறந்து, அதற்குப் பல்லும் முளைத்திருக்கும்.

தங்கள் அலட்சியத்தைத் தங்களுக்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. முதல் பாகத்தோடு கொடுத்த கையேட்டில், 1891-ல் போர் நடக்கும்போது அவளுக்குப் பத்தொன்பது வயது என்று அச்சடித்தீர்கள். சரி, 1872-ல் பிறந்தவள். இரண்டாம் பாகத்தில் அவளே, துறைமுகம் எரிந்தபோது எனக்கு ஏழு வயது என்கிறாள். துறைமுகம் எரிந்தது 1884 என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 1877. மூன்றாம் பாகத்தில் அவள் அம்மாவின் கல்லறையைக் காட்டுகிறீர்கள், அதில் இறந்த வருஷம் 1870! சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தங்கள் ஆட்களில் கூட்டல் கழித்தல் தெரிந்தவர் ஒருவர்கூடவா இல்லை? என் மனைவி பனூச்சோ தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்: “ஏன் கெழவா, அம்மா செத்து ரெண்டு வருஷம் கழிச்சுப் புள்ள பொறந்திருக்கு. உன் ஆபீஸ்ல இந்த மாதிரி எத்தனை பதிஞ்சிருக்க?”

இப்போது என் முற்றத்தில் இரண்டு கட்சி. எழுபத்திரண்டுக் கட்சிக்கு என் மகள் தலைவி. எழுபத்தேழுக் கட்சிக்குத் தலைவர் வில்பெர்த் உய்காப் என்கிற பல் டாக்டர். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவரும் அவர்தான். அன்றைக்குக்கூட இவ்வளவு ஆவேசமாக இல்லை.

“பதினாலு வயசுப் பொண்ணு நாப்பது பீரங்கிக்கு உத்தரவு போட்டாளாக்கும்? அந்த வயசுல நீ என்னத்தக் கிழிச்ச, வில்பெர்த்?” என்றாள் சுலேமி.

“நான் கிழிக்கலன்னா அவளும் கிழிக்கக் கூடாதா? அவளே தன் வாயால சொல்றா ஏழு வயசுன்னு. அவ வயசு அவளுக்குத் தெரியாம உனக்குத் தெரிஞ்சிருச்சா?”

“அவ அன்னைக்குக் காய்ச்சல்ல பொலம்பினா!”

“ஆமா, நீ பக்கத்துல உக்காந்து கஷாயம் போட்டுக் குடுத்த!”

கடைசியில் வில்பெர்த் என் பக்கம் திரும்பி, “தோன் எவெலியோ, ஊருக்கே பொறந்த தேதி எழுதினவர் நீங்க. நீங்களே சொல்லிடுங்க” என்றார். நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. பிடித்தது சனி.

முப்பத்து நான்கு வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? எடுத்துச் சொன்னேன். அச்சடித்த கையேடு எழுத்து ஆவணம், அது செல்லும். அவள் வாயால் சொன்னதற்கு இரண்டு சாட்சி வேண்டும், சாட்சி இல்லை, ஆகவே செல்லாது. கல்லறைக் கல்லைக் கேட்கவே வேண்டாம். இங்கெல்லாம் ஆள் போய்ப் பல வருஷம் கழித்துத்தான் கல் வைப்பார்கள், அதற்குள் வருஷம் யாருக்கு நினைவிருக்கும், கொத்தனார் ஒன்றைக் குத்துமதிப்பாகக் கொத்திவிட்டுப் போவார். தோட்டங்களில் பிறந்து பத்து வயதில் கழுதைமேல் வந்து இறங்கிய எத்தனையோ பேருக்கு நான் காலங்கடந்த பதிவு போட்டிருக்கிறேன். இவளுக்கும் அதே முறைதான் என்று சொல்லி, மேசை டிராயரில் கிடந்த பழைய படிவம் ஒன்றை எடுத்தேன். 1872 என்று என் அழகான கையெழுத்தில் நிரப்பினேன். இரண்டு பேரைச் சாட்சிக் கையெழுத்துப் போடவைத்தேன். அரசாங்கச் சின்னம் மாறியபோது அலுவலகத்தில் தூக்கிப் போட்டார்களே, அந்தப் பழைய முத்திரையால் ஒரு குத்தும் குத்தினேன். சத்தியமாகத் தமாஷுக்குத்தான் ஐயா. சண்டை ஓய்ந்தால் என் ஊஞ்சலாவது எனக்குக் கிடைக்கும் என்ற ஆசை.

அந்தக் காகிதத்தை எவனோ படம் பிடித்து உலகத்துக்கே அனுப்பிவிட்டான். அதில் அச்சடித்த வரிசை எண் இருந்ததை நானும் கவனிக்கவில்லை. மறுவாரமே நாட்டின் மறுகோடியில் இருக்கும் மொந்தெரேயிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து எங்கள் அலுவலக ஜன்னலில் அந்த எண்ணைக் கொடுத்து, கேப்டன் இலாரியாவின் சான்றிட்ட நகல் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டாயிற்று. பதிவேட்டில் அப்படி ஒரு பிறப்பு இல்லை. ஆகவே எவெலியோ கான்செ பொய் ஆவணம் தயாரித்தார் என்று விசாரணை. திங்கட்கிழமை பத்து மணிக்கு நேரில் வரவேண்டுமாம். மெரிடாவில் திங்கட்கிழமை மதியம் என்றால் வீட்டுக்கு வீடு பன்றிக்கறி போட்ட பீன்ஸ்தான்; அதைக்கூடச் சாப்பிட விடாமல் ஒரு மனிதனைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள் என்றால், அவனைக் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டார்கள் என்றுதான் அர்த்தம்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது ஐயா. சந்தையில் என்னைப் பார்த்தால், “என்ன தோன் எவெலியோ, என் பாட்டன் இன்னும் உசிரோட இருக்காருன்னு ஒண்ணு எழுதித் தாங்களேன்” என்கிறார்கள். ஆகவே தங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதுதான். கேப்டன் இலாரியா என்று ஒருத்தி கிடையாது, அவள் பிறக்கவே இல்லை, எல்லாம் எங்கள் கற்பனை என்று தங்கள் கம்பெனித் தாளில் எழுதி, கையெழுத்திட்டு அனுப்புங்கள். இல்லாத ஆளுக்குப் பொய் ஆவணம் ஏது? நான் தப்பித்துவிடுவேன். என் மகள்தான், “அவ இல்லவே இல்லன்னு எழுதி வாங்கினீங்க, அப்புறம் இந்த வீட்டுல என் மூஞ்சில முழிக்காதீங்கப்பா” என்றாள். முழிக்காவிட்டால் போகட்டும்.

தங்கள் வீட்டில் பிறக்கும் பிள்ளைகள் எல்லாம் ஒரே ஒரு தேதியில் பிறந்து, அந்தத் தேதியிலேயே கடைசிவரை நிலைத்திருக்க வாழ்த்தும்,

தங்கள் பணிவுள்ள
எவெலியோ கான்செ பெச்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் விசாரணை அதிகாரி லிசென்சியாடா ஹெல்மி பெராசா வீட்டுக்கே வந்துவிட்டார். உட்கார்ந்து, குளிர்ந்த ஓர்ச்சாத்தா அரிசிப் பானம் குடித்து, ரெமியிடம் நலம் விசாரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “வழக்கெல்லாம் எதுக்கு தோன் எவெலியோ? ஓரத்துல ஒரு திருத்தம் போட்டுருங்க. 1872-ஐ 1877 ஆக்கிருங்க. ஃபைலை நான் இன்னைக்கே மூடிர்றேன்” என்றார். கைப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே எழுபத்தேழுக் கட்சி பேட்ஜ்! “பதினாலு வயசுல பீரங்கி முன்னாடி நின்னாளே, அதுதானே அவ பெருமை?” என்று கண் கலங்குகிறார் அந்த அம்மாள். கதவுக்குப் பின்னால் நின்ற ரெமி, “ஒரு கோடுதானே கெழவா, போட்டுத் தொலையேன்” என்றாள். நான் பேனாவை எடுத்தேன், ஐயா. எடுத்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். “லிசென்சியாடா, நான் திருத்தறதில்ல” என்றேன். “அப்ப திங்கக்கெழம வாங்க” என்று சொல்லிப் போய்விட்டார். போகிறேன். படத்தைக் கழற்றுவதானால் கழற்றட்டும். ஆகவே மேலே கேட்ட கடிதம் வேண்டாம். அவள் பத்தொன்பது வயதில் போருக்குப் போனாள் என்று மட்டும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். இல்லாத பெண் என்று மறந்தும் எழுதிவிடாதீர்கள். அவளைப் பதிவு செய்தவன் நான்.