ஏழாம் நம்பர் படகுக்கு ஓர் ஆள் குறைவு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் கேஸ் அடுப்பும் மாடிக் குழாயும் சௌக்கியம். அங்கே நீங்களும் மகளும், பல் முளைத்ததை நான் போனில் மட்டும் பார்த்த பேரனும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் குழந்தையின் முகத்தைக் காட்டி, "தாத்தாவுக்கு டாட்டா சொல்லு" என்று வைத்துவிடுகிறீர்கள். அவனும் டாட்டாவை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டான்.

விஷயத்துக்கு வருகிறேன். பிரசவத்துக்காக மூன்று மாதம் என்று அங்கே வந்த உங்கள் அத்தைக்கு இது பதினோராவது மாதம். "இன்னும் ஆறு மாசம் இருக்கட்டுமா மாமா?" என்று பணிவாகக் கேட்டிருந்தீர்கள். தாராளமாக இருக்கட்டும். ஆறு என்ன, குழந்தை பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் இருக்கட்டும். எனக்கு ஒரு குறையும் கிடையாது. சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறேன், மறுபடி அதே தட்டை எடுக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தனியாக உல்லாசப் பயணமே போய்வந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதை விவரமாக எழுதினால் உங்களுக்கும் கவலை தீரும்.

இங்கிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரத்தில் ஓர் ஏரிக்கரை ஊர் இருக்கிறது. ஒரே ஒரு நீளத் தெரு, அது முடிகிற இடத்தில் படகுத்துறை. சந்தடியே இல்லை. வெள்ளைப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன, காற்றடித்தால் கயிறு கம்பத்தில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. கல்யாணமான வருடத்திலிருந்து உங்கள் அத்தை அங்கே போகலாம் போகலாம் என்பாள். நான் "ரிட்டயர் ஆகட்டும்" என்பேன். ரிட்டயர் ஆனேன், அடுத்த வாரமே அவளுக்கு நீங்கள் விமான டிக்கெட் அனுப்பினீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மிதிபடகுக்குச் சீட்டு வாங்கப் போனேன். ஜன்னலுக்குள் இருந்த அம்மாள் "எத்தனை?" என்றாள். "ரெண்டு" என்றது வாய், பழக்கதோஷம். படகுக்காரர் ஏழாம் நம்பர் படகைப் பிடித்துக்கொண்டு, "இன்னொருத்தர் எங்க சார்? ஒத்தை ஆளுக்கு விடமாட்டோம். ஒரு பக்கமா சாஞ்சு நின்ன இடத்துலயே சுத்தும்" என்றார். இந்த இடத்தில் என் உத்தியோகத்தை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். முப்பத்திரண்டு வருடம் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். பஸ் வராது என்று ஒரு நாளும் சொல்லக்கூடாது, சொன்னால் ஜனங்கள் நான் உட்கார்ந்திருக்கிற கூண்டைப் பிய்த்துவிடுவார்கள். வண்டி நடுவழியில் படுத்துவிட்டாலும் சரி, டிரைவர் வீட்டில் குறட்டை விட்டாலும் சரி, "வந்துட்டிருக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வாய்தானே இது. "வந்துட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான், ஊரே சேர்ந்து உங்கள் அத்தைக்குக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டது. படகுக்காரர் ஏழாம் நம்பரைத் தனியாகக் கட்டிவைத்து, கேட்டவர்களை எல்லாம் விரட்டினார். டீக்கடைக்காரர், "இப்பவே போடட்டுமா, அம்மா வந்ததும் சேர்ந்து சாப்பிடுறீங்களா?" என்றார். வரட்டும் என்றேன். பெஞ்சில் என் பக்கத்தில் பையை வைத்து, உட்கார வந்தவரிடம் "ஆள் வருது" என்றேன். மாப்பிள்ளை, உங்களிடம் மறைப்பானேன், அந்த இரண்டு மணி நேரம் எனக்குச் சுகமாக இருந்தது. பதினோரு மாதமாகப் பார்க்கிறவர்கள் எல்லாம் "எப்ப வருவாங்க?" என்று கேட்டுக் கேட்டு என் உயிரை எடுக்கிறார்கள். அன்றைக்குத்தான் "இன்னுமா வரல?" என்று கேட்டார்கள். நானும் வாட்ச்சைப் பார்த்து, "அவ எப்பவும் இப்படித்தாங்க, கிளம்புறதுக்குள்ள நாலு தடவை பூட்டை இழுத்துப் பார்ப்பா" என்று அலுத்துக்கொண்டேன். பெண்டாட்டியை அலுத்துக்கொண்டு எத்தனை நாளாயிற்று!

மத்தியானம் ஒரு மணிக்குப் பிடித்தது சனி. சீட்டுக் கொடுத்த அம்மாள் எழுந்து வந்து, "எந்த பஸ்ல வராங்க? எல்லா பஸ்ஸும் வந்துட்டுப் போயிடுச்சே" என்றாள். படகுக்காரருக்கு முகம் மாறிவிட்டது. "வழி தெரியாம தண்ணிப் பக்கம் போயிருப்பாங்களோ?" என்றார். நான் ஏதோ சொல்வதற்குள் காவலாளி விசில் ஊதி, என் கையைப் பிடித்து ஒலிபெருக்கி அறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். "அடையாளம் சொல்லுங்க" என்றாள் மைக்குக்கு முன்னால் இருந்த பெண். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் எப்படி இருப்பாள் என்று என்னிடம் ஒருத்தர் கேட்டு எத்தனை காலமாகிறது, சொல்லுங்கள். "குள்ளம். கண்ணாடியை நெத்தில ஏத்திவச்சுக்கிட்டு வீடு பூரா தேடுவா. நடக்கும்போது தனக்குத்தானே பேசிக்குவா, நடுநடுவுல சிரிப்பா. யார் எதைக் கொடுத்தாலும் எனக்கு எதுக்குன்னு சொல்லிக்கிட்டே வாங்கிக்குவா. அவ வாட்ச் பத்து நிமிஷம் முன்னாடி ஓடும், நான் சரிபண்ணி வச்சாலும் திரும்ப முன்னாடி வச்சிடுவா" என்று சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் புண்ணியவதி ஒன்று விடாமல் எழுதி, அப்படியே மைக்கில் வாசித்துவிட்டாள். ஏரி முழுக்கக் கேட்டது. எதிர்க்கரையில் தூண்டில் போட்டிருந்தவர்கள் எழுந்து நின்று தேடினார்கள். நீச்சல்காரர்கள் இரண்டு பேரோடு மீட்புப் படகு கிளம்பிவிட்டது.

"ஐயோ, நிறுத்துங்க!" என்று கத்தினேன். காவலாளி நோட்டும் பேனாவுமாக, "பதறாதீங்க. கடைசியா எப்ப பார்த்தீங்க?" என்றார்.

"பதினோரு மாசத்துக்கு முன்னால, ஏர்போர்ட்ல" என்றேன்.

அதற்குப் பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுதினால் தாள் போதாது. "பெரிய மனுஷன் பண்ற வேலையா இது?" என்று காவலாளி கேட்டார். சொட்டச் சொட்ட ஏறிவந்த நீச்சல்காரர்களிடம் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டேன். படகுக்காரர் மட்டும் திட்டவில்லை. ஏழாம் நம்பரை அவிழ்த்து, இரண்டாவது இடத்தில் தானே ஏறி உட்கார்ந்து, "வாங்க சார், மிதிங்க" என்றார். நடு ஏரி வரைக்கும் மிதித்தோம். அப்புறம், "சண்டையா சார்?" என்றார். "இல்லை, பேரன்" என்றேன். "அப்ப வான்னு கூப்பிட வேண்டியதுதானே?" என்றார். "கூப்பிட்டா வந்துடுவா. அதனாலதான் கூப்பிடல" என்றேன். அங்கே மகள் ராத்தூக்கம் இல்லாமல் வேலைக்கும் போய்க்கொண்டு தவிக்கும்போது, இங்கே ஒரு கிழவனுக்குப் பொழுது போகவில்லை என்று கூப்பிட முடியுமா? அவர் எனக்கும் சேர்த்து மிதித்தார்.

ஆகவே மாப்பிள்ளை, பயணம் இனிதே நிறைவேறியது. நான் திடமாக இருக்கிறேன். அத்தையை நீங்கள் கேட்டபடி ஆறு மாதமும் வைத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பூரண சம்மதம். இந்தப் படகு விவகாரம் மட்டும் அவள் காதுக்குப் போக வேண்டாம். மகளுக்கும் பேரனுக்கும் என் ஆசிகள். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பி.கு.: இதை முதலில் பிரித்துப் படிப்பது நீதான் என்று தெரியும். வீட்டுக்கு வருகிற தபாலை எல்லாம் நீ படித்துவிட்டுத்தான் மாப்பிள்ளையிடம் கொடுக்கிறாய் என்று மகள் சொன்னாள். அதனால்தான் அவர் பெயருக்கு எழுதினேன். உனக்கென்று உட்கார்ந்தால் கை ஓடவில்லை. மேலே சம்மதம் என்று எழுதியது மாப்பிள்ளைக்கு மரியாதை, அதை நம்பாதே. மகளிடம் எப்படிச் சொல்வாயோ எனக்குத் தெரியாது, குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்தாலும் சரி. இந்த ஓரத்தைக் கிழித்துவிட்டு மீதியை அவரிடம் கொடு. என்னால தனியா இருக்க முடியலடி. வந்துடு.