அம்மனைப் பறிமுதல் செய்தவன்

கடன் வசூலிக்க வருபவனைக் கண்டு முகம் மலர்ந்த மனிதரை என் வாழ்நாளில் நான் சந்தித்ததில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போடுபவரைக்கூட, நோய் குணமான பிறகாவது, நாலு பேர் வாழ்த்துகிறார்கள். எங்களுக்கு அந்தப் பேறும் கிடையாது. அதற்காக நான் கூனிக் குறுகப் போவதில்லை. பதுளையில், வாகனங்களுக்குத் தவணைக் கடன் கொடுக்கும் ஒரு லீசிங் கம்பனியில், தலை நரைக்கத் தொடங்கிய நாள் முதல் ஓய்வு பெறும் வரை, வசூல் உத்தியோகத்தராகவே இருந்தேன். கொஸ்லந்தையிலிருந்து லுணுகலை வரை நான் ஏறி இறங்காத லயங்கள், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், மிகக் குறைவு.

"நெற்றி நிறையத் திருநீறு, வாய் திறந்தால் பதிகம். இவரா இந்த வேலை செய்கிறார்?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில் இதுதான். பழைய அடியார்கள் இறைவனையே வழிமறித்து, பொன் கொடு, பொருள் கொடு, அதையும் இன்றே கொடு என்று உரிமையோடு பாடியிருக்கிறார்கள். அவரும் கொடுத்திருக்கிறார். அந்தப் பாடல்களை விடியற்காலையில் மனமுருகப் பாடிவிட்டுப் புறப்படும் ஒருவன், தியாகுவிடம் தவணை கேட்க ஏன் கூச வேண்டும்?

(தியாகு யார் என்கிறீர்களா? பொறுங்கள், அவனிடம்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.)

எங்கள் தொழிலின் அன்றாடத்தை அறியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்பே செய்தி மலையேறிவிடும். தேடிப் போகும் ஆள் எப்போதும் "இப்பத்தாங்க அந்தப் பக்கம் போனாரு" என்ற நிலையிலேயே இருப்பார். வீட்டில் இருப்பவர்களோ மிகவும் நல்லவர்கள். உட்கார வைத்து, இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி தருவார்கள். அதுதான் ஆபத்து. ஒருவர் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, அதே வாயால் "தவணை எங்கே?" என்று கேட்பதற்குத் தனி மனவலிமை வேண்டும். அந்த வலிமை எனக்கு இருந்தது. குடித்தேன், கேட்டேன், பல நாள் வெறுங்கையோடு திரும்பினேன்.

தியாகு லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் முச்சக்கரவண்டி ஓட்டினான். அவன் மனைவி புஷ்பம் கொழுந்து பறிப்பவர். வண்டி எங்கள் கம்பனியின் லீசிங்கில் எடுத்தது. தவணைகள் பல மாதமாக நின்றுபோயிருந்தன. வண்டி ஏலத்துக்குப் போனால் தியாகு மறுபடியும் கவ்வாத்துக் கத்தியோடு மலையேறித் தேயிலைச் செடி வெட்ட வேண்டும். வண்டி வராமல் போனால் நான் வீட்டில் உட்கார வேண்டும். எங்கள் மனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர்; வயதில் என் மகனை ஒத்தவர். அன்று காலையில் என்னை அழைத்துத் தெளிவாகச் சொன்னார்.

"ஐயா, போன முறை மாதிரி மழை, மண்சரிவு எண்டு கதையோட வராதேங்கோ. வண்டியோட வாங்கோ. இல்லாட்டி நாளைக்கு நீங்கள் வரத் தேவையில்லை."

பொலிஸில் முறைப்படி அறிவித்துவிட்டு, கம்பனியிடம் இருந்த இரண்டாவது சாவியை மடியில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன். வண்டியைப் பறிமுதல் செய்ய நானே முழுத் தகுதி பெற்றவன். மூன்று சக்கரமும் எனக்கு அத்துப்படி.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் தப்பு மேளம் முழங்குவது கேட்டது. மாரியம்மன் திருவிழா. லயத்து வாசல்களில் மஞ்சள் நீர் தெளித்து, வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். எதிரே ஊர்வலம் வந்தது. அதன் நடுவே, வாழைக்கன்று கட்டி, பூச்சரம் சுற்றி, கண்ணாடியில் சந்தனம் பூசி, நான் தேடி வந்த அதே வண்டி அசைந்து வந்தது. பின்னிருக்கையில் பட்டுடுத்து, முழங்கால் உயர உற்சவ அம்மன் வீற்றிருந்தாள். சாரதி ஆசனத்தில் தியாகு.

அவன் ஓடவில்லை. ஒளியவில்லை. பல் தெரியச் சிரித்தான்.

"வாங்க ஐயா, வாங்க! நல்ல நேரத்துல தான் வந்திருக்கீங்க. அம்மா இந்த வருசம் நம்ம வண்டியில."

"வழக்கமா டிராக்டர்ல தானேப்பா வருவாங்க?"

"தோட்டத்து மனேஜர் தொரை இந்த வருசம் டிராக்டர் தரலீங்க."

புஷ்பம் திருநீற்றுத் தட்டை என் முன் நீட்டினார். "மொதல்ல பூசிக்கங்க ஐயா. கேக்க வந்தத அப்புறமாக் கேளுங்க. அம்மா குந்தியிருக்கிற வண்டியில யாரும் கை வைப்பாங்களா என்ன?"

சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என் பக்தியை அறிந்து போட்ட பூட்டு இது என்று எனக்குப் புரிந்தது. நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

"கை வைக்க மாட்டேம்மா. அம்மா எறங்கட்டும். எறங்குற வரைக்கும் நான் இங்கயே தான் நிப்பேன்."

"நில்லுங்க, நில்லுங்க. நின்னா அம்மாவுக்கும் சந்தோசம் தான்."

ஊர்வலத்தோடு நடந்தேன். பூசாரி வேலாயுதம் என் திருநீற்றைப் பார்த்துவிட்டு, ஒரு பாட்டுப் படிக்கச் சொன்னார். பாடினேன். பதிகம் முழுவதையும் பாடினேன். (குரல் அன்று நன்றாகவே இருந்தது. கடன்காரனே கண் கலங்கினான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஒவ்வொரு லயத்திலும் வண்டி நின்றது, தேங்காய் உடைந்தது, மறுபடி பாடச் சொன்னார்கள். வசூலிக்கப் போன இடத்தில் தொண்டை கட்டும் அளவுக்கு நான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மதியத்தில் கோயிலை அடைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வண்டியைச் சவுக்கு மரத்தடியில் நிறுத்தி, இருபுறமும் ரெக்சின் திரையை இறக்கி, இருக்கைக்கு முன்னாலும் ஒரு மஞ்சள் துணியைக் கட்டிவிட்டார்கள். தப்பு உச்சத்தில் முழங்கியது. குலவைச் சத்தத்தோடு, தலையில் பூவால் மூடிய ஒன்றைத் தாங்கிப் பூசாரி ஆடிக்கொண்டே உள்ளே போனார். கூட்டம் முழுவதும் அவர் பின்னால் போனது. தியாகுவும் போனான், புஷ்பமும் போனார்.

பதுளையில் நான் தொழும் கோயிலில், சுவாமி உள்ளே போனால் கூட்டமும் உள்ளே போகும். கூட்டம் போய்விட்டால் சுவாமி போய்விட்டார் என்று பொருள். ஆகவே அம்மன் இறங்கிவிட்டாள் என்று முடிவு செய்தேன். உள்ளே போனது கரகம் என்பதும், கரகம் உள்ளே அமர்ந்த பிறகே அம்மனை அழைக்க வருவது அந்தத் தோட்டத்து வழக்கம் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்?

திரையை விலக்கிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். இதை என் மனைவி முதல் என் உயரதிகாரிகள் வரை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். கை போனது உண்மை. ஆனால் மூடிய மஞ்சள் திரையைக் கண்டால் கை கூப்பி நிற்பதே அன்றி, விலக்கி எட்டிப் பார்ப்பது என் பிறவியில் இல்லை. போன கை திரும்பி வந்துவிட்டது.

வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், சரிவில் சத்தமின்றி உருட்டினேன். (இது எங்கள் தொழிலின் நுட்பம். எவருக்கும் சொல்லித் தருவதில்லை.) இரண்டு வளைவு தாண்டியபின் எஞ்சினை முடுக்கினேன். பிறகென்ன, பதுளை நோக்கி வெற்றிப் பயணம்.

வண்டி ஏற்றங்களில் மூச்சு வாங்கியது. தியாகு ஒழுங்காகச் சர்விஸ் செய்யவில்லை என்று கோபித்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் பின்னால் சலங்கை கிணுங்கியது. இந்த இளவட்டங்கள் வண்டியில் எதைத்தான் கட்டித் தொங்கவிடுவதில்லை என்று நினைத்தேன். பசறையை நெருங்கும்போது மழை விட்டது. காற்றில் முன்துணி விலகிப் பறந்தது போலும்; நான் எப்படி அறிவேன், என் கண் பாதையில் அல்லவா இருந்தது! அங்கிருந்துதான் அந்த அதிசயம் தொடங்கியது. வீதியோரத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்கள். ஒரு மூதாட்டி குடையை மடக்கிவிட்டு மழைச் சேற்றில் விழுந்து வணங்கினார். சோதனைச் சாவடிப் பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றி, வாகனங்களை ஒதுக்கி எனக்கு வழிவிட்டார். ஒரு கடை முதலாளி என் முன்சக்கரத்துக்கு எதிரே தேங்காயே உடைத்துவிட்டார்.

என் உள்ளம் பூரித்தது. இத்தனை ஆண்டுக்குப் பிறகு இந்த மாகாணம் கடன் வசூலிப்பவனின் அருமையை உணர்ந்துகொண்டது என்று நினைத்தேன். சொல்லப்போனால், ஒரு கையால் ஆசியும் வழங்கினேன்.

கம்பனி முற்றத்தில் வண்டியை நிறுத்தியதும் மனேஜர் மலர்ந்த முகத்தோடு இறங்கி வந்தார். பின்பக்கம் குனிந்தார். நிமிரவில்லை.

"ஐயா," என்றார், குரல் இறங்கிப்போய். "வண்டியைக் கொண்டு வாங்கோ எண்டா, கோயிலையெல்லோ கொண்டு வந்திருக்கிறியள்!"

திரும்பினேன். பட்டுச் சேலை சற்றே நனைந்திருக்க, அம்மன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முற்றத்திலேயே விழுந்து வணங்கினேன். தோத்திரம் ஒன்றைத் தொடங்கினேன்; பாதியில் அடி மறந்துபோனது. என் வாழ்வில் ஒரே ஒரு முறை அப்படி மறந்தது.

"எல்லாரும் செருப்பைக் கழட்டுங்கோ!" என்று மனேஜர் கத்தினார். கணக்குப் பிரிவு முழுவதும் வெறுங்காலோடு வாசலுக்கு வந்து நின்றது. ஒருவர் ஊதுபத்தி தேடி ஓடினார். நான் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தேன்.

"வண்டியோட வாங்கோன்னு சொன்னீங்க. வந்திருக்கேன்" என்றேன்.

சற்று நேரத்தில் மரக்கறி லொறி ஒன்று தப்புச் சத்தத்தோடு வந்து நின்றது. தோட்டமே அதில் இருந்தது. முதலில் குதித்தவர் புஷ்பம்.

"ஏன் ஐயா, வண்டிக்குத் தானே கடன் வாங்குனோம்? அம்மாவையுமா லீசிங்ல எழுதியிருந்துச்சு?"

மனேஜர் அவசரமாக, "அம்மனை இறக்கிக்கொண்டு போங்கோ, வண்டி இங்க நிக்கட்டும்" என்றார்.

பூசாரி தலையை ஆட்டினார். "அது முடியாதுங்க. எல்லையத் தாண்டுன அம்மா, வந்த வண்டியிலயே தான் திரும்பணும். மாத்தி ஏத்துனா தோட்டத்துக்கு ஆகாது."

தியாகு வண்டியின் கைப்பிடியைப் பற்றியபடி, என் முகத்தையே பார்த்தான். மனேஜரும் என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, இதெல்லாம் படிச்ச ஆள் நீங்கள். அப்பிடி ஒரு முறை உண்டோ?"

நான் கற்ற பாடல்களில் அம்மன் சிங்கத்தில் வருகிறாள், அன்னத்தில் வருகிறாள். லீசிங் வண்டியில் எல்லை தாண்டினால் எப்படித் திரும்புவது என்று எவரும் பாடி வைக்கவில்லை. அதனால் என்ன? அந்தத் தோட்டத்து முறையை அந்தத் தோட்டத்துப் பூசாரிதான் அறிவார். கரகத்தின் விஷயத்தில் அறிந்தவன் போல் நடந்துகொண்டு நான் பட்டது போதாதா?

"பூசாரி சொல்றது தான் முறை. வண்டி திரும்பிப் போகணும்" என்றேன். மனேஜர் வாயைத் திறப்பதற்குள் தொடர்ந்தேன். "ஆனா, அம்மா இந்த வாசலுக்குச் சும்மா வரல. தியாகு கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணட்டும்."

தியாகுவின் முகம் வெளுத்தது. எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் செய்யும் சத்தியத்தை அந்த மலைகளில் எவரும் மீறுவதில்லை. எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போடுவான், இது வேறு. பூசாரி கற்பூரம் ஏற்றினார்.

"மாசம் பத்தாந் தேதிக்குள்ள தவணையக் கட்டுவேன்னு சொல்லு."

கையை நீட்டினான், இழுத்துக்கொண்டான். "பத்தாந் தேதி முடியாதுங்க ஐயா. தோட்டத்துச் சம்பளமே அன்னைக்குத் தானுங்க. இருவதுன்னு வைங்க."

"பதினஞ்சு."

"மழை பேஞ்சு ஓட்டம் இல்லாத மாசம்?"

"யோவ், ரெண்டு பேரும் அம்மா முன்னாடி சந்தையில மாதிரிப் பேரம் பேசுறீங்களே! கற்பூரம் அணையப் போகுது!" என்றார் பூசாரி.

புஷ்பம் புருஷனின் மணிக்கட்டைப் பிடித்தார். "பதினஞ்சு. மழை பேஞ்சா என் சம்பளத்துல கட்டுறேன். அடிய்யா கைய!" என்று சொல்லி, தாமே அந்தக் கையைக் கற்பூரத்தின் மேல் அறைந்தார். தியாகு "அம்மா!" என்று அலறியது பக்தியாலா, சூட்டாலா என்பதை நான் ஆராயவில்லை.

அம்மனைத் திருப்பி அழைத்துச் செல்லும்போதும் நான்தான் ஓட்ட வேண்டும் என்றார் பூசாரி. கொண்டுவந்த கைதான் கொண்டுபோய் விட வேண்டுமாம். பின்னால் லொறி, அதில் தப்பு, என் காதருகே தியாகு, "கியரை மெதுவாப் போடுங்க ஐயா, புது கியர் பொட்டி" என்று வழி நெடுக.

தவணை ஒரு மாதமும் தவறவில்லை. புஷ்பத்தைத் தாண்டி எது தவறும்? மனேஜர் அடுத்த வாரமே என்னிடம் தனியாக, "மற்ற ஆக்களுக்கும் இப்பிடிக் கற்பூரம் கொண்டு போகேலாதோ?" என்று கேட்டார். நான் முறைத்த முறைப்பில் பேச்சை மாற்றிக்கொண்டார்.

என் குடும்பம்தான் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. மகள் நிச்சயதார்த்தத்தன்று, வருங்கால மருமகனுக்குப் பலகாரம் வைப்பதற்கு முன்பே இந்தக் கதையை வைத்துவிட்டார்கள். இன்றும் நான் எந்த வாகனத்தின் சாவியை எடுத்தாலும், என் மனைவி அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பார்: "பின்னால யாரு இருக்காங்கன்னு பாத்துட்டுக் கெளம்புங்க!" பேரப்பிள்ளைகள் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து, விழுந்து கும்பிட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். இந்த வீட்டில் அம்மனுக்குத் தேரோட்டியவன் நான் ஒருவன்தான்.