லாபத்தில் முடிந்த படிகள்

மரப்படி செய்ய ரம்பமும் அளவு நாடாவும் இருந்தால் போதாது. அத்தை வராத நாளாகவும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பக்கவாதம் வந்தபிறகு அப்பாவுக்கு ஒரே ஆசை. யாரும் தூக்காமல் தானே வாசலில் இறங்கிப்போய் எதிர்க்கடையில் தே தாரேக் (நுரை பொங்க ஆற்றிய டீ) குடிக்க வேண்டும். லுக்குட் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பில் எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. பழைய சிமெண்டுப் படி அவருக்கு ரொம்ப உயரம். நான் மந்தினில் சமையலறை அலமாரி பொருத்துகிறவன். (அதனால் மரத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு நினைப்பு.) அப்பாவின் கால் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று அளந்து, தாழ்வான படிகளாகப் போட்டேன்.

அவரை இறக்கிப் பார்ப்பதற்குள் போர்டிக்சனிலிருந்து அத்தை வந்துவிட்டார். அப்பாவின் அக்கா. கீழிருந்து விரல் நீட்டி எண்ணினார்.

"லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம்..."

கடைசிப் படி நஷ்டத்தில் நின்றது.

"என்னடா இது? சீக்காளி இருக்கிற வீடு. மாத்துலா!"

ஒரு படி கூட்ட இடமில்லை; கீழே லோங்காங் (எங்கள் பக்கம் சாக்கடைக்கு அதுதான் பெயர்). ஒன்றைக் குறைத்தால் மற்றவை உயரும். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் அப்பா விஷயத்தில் நஷ்டம் என்ற சொல்லைக் கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. கொஞ்சம்தானே உயரும் என்று ஒரு படியைக் குறைத்து, பக்கச் சட்டங்களைப் புதிதாக வெட்டினேன்.

அடுத்த ஞாயிறு அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. எதிர்க்கடைக்காரர் தே தாரேக்கை ஆற்றிக்கொண்டே காத்திருந்தார். மாலை போடாத குறையாக அப்பாவை வாசலுக்கு அழைத்து வந்தேன். அவர் காலைக் கீழே விட்டார். எட்டவில்லை. பாதம் அந்தரத்தில் தொங்கியது. நான் அந்த லோங்காங்கிலேயே விழுந்துவிடலாமா என்று பார்த்தேன்.

அப்பா மெல்ல மேல்படியில் உட்கார்ந்தார். கைலியை இழுத்துவிட்டுக்கொண்டு, உட்கார்ந்தவாக்கிலேயே ஒவ்வொரு படியாக நழுவி இறங்கினார். கீழே போய்க் கோணிய வாயால் கேட்டார்: "யாரும் தூக்கலதானே?"

எல்லோரும் சிரித்தோம். எனக்கு அழுகையும் வந்தது.

"நஷ்டமானாலும் பரவால்ல, பழையபடி மாத்துடா" என்று அத்தையே கெஞ்சினார்.

"விடுக்கா. இதுவே வசதியா இருக்குலா" என்றார் அப்பா.

அதன்பிறகு தினமும் மாலையில் அப்படியே இறங்கினார். (திரும்ப ஏற்றும்போது நாங்கள் தாங்கியதை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை.) இன்றும் எங்கள் குடும்பத்தில் யாராவது ஒரு காரியத்துக்குத் தயங்கினால், "உக்காந்து இறங்குலா" என்று கத்துவார்கள். படிகளின் நடுப்பகுதி அவர் கைலி தேய்த்துத் தேய்த்துப் பளபளக்கிறது.

அந்தப் படியில் அவரைத் தூக்கி இறக்கியது ஒரே ஒரு நாள்தான். அன்று அத்தை எண்ணவில்லை.