பக்கத்து வீட்டு ஐலர்ட்டும் பாதியில் நின்ற வைப்பரும்

அன்புள்ள தங்கை போர்கில்டுக்கு, பெர்கனிலிருந்து உன் அண்ணன் ஹால்வர் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அண்ணி தூரிடும் மழையும் சௌக்கியம். அங்கு வடக்கே ட்ரோம்சோவில் நீயும் உன் முழங்கால் வலியும் பனியும் எப்படி? ஆண்டவர் உன்னை வாசற்படியில் வழுக்காமல் காப்பாராக.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் கார் வைப்பர் கெட்டுப்போனதால் என் பெண்டாட்டி பக்கத்து வீட்டுக்காரன் காரில் ஏறிப் போகிற நிலைமை வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் என்றால் ஐலர்ட். போன வருஷம் மே பதினேழு தேசிய தின ஊர்வலத்தில் உனக்குக் குடை பிடித்துக்கொண்டே வந்தானே, பெண்டாட்டியைப் பறிகொடுத்த அந்த நெட்டையன்தான். டெலிபோன் கம்பி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். உனக்கு ஞாபகம் இருக்காது, ஞாபகம் வைத்துக்கொள்கிற மூஞ்சியும் இல்லை. இந்தக் குளிர்காலத்தில் அவன் தூரிட் பாடுகிற சர்ச் பாட்டுக்குழுவில் சேர்ந்துவிட்டான். தடித்த குரலாம். நான் முப்பது வருஷம் ஃபியோர்டில் படகு ஓட்டியவன், மூடுபனியில் சங்கு ஊதும் கப்பலையெல்லாம் கேட்டவன், எனக்கு அது பெரிய குரலாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை வோஸ் ஊரில் குழுவின் கச்சேரி. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை கடையிலிருந்து நானும் தூரிடும் திரும்பி வருகிறோம், மழை சட்டி சட்டியாகக் கொட்டுகிறது, வைப்பர் கண்ணாடியில் பாதி தூரம் ஏறி அப்படியே நின்றுவிட்டது. பெர்கனில் வைப்பர் இல்லாத காரும் துடுப்பு இல்லாத படகும் ஒன்றுதான். ஆனாலும் நான் நிறுத்தவில்லை, தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஓட்டினேன், தூரிட் அந்தப் பக்க ஜன்னலில் எட்டி, கடையில் வாங்கிய புது அடுப்புக் கையுறையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் யார் நிற்கிறான் என்று நினைக்கிறாய்? ஐலர்ட். குடையோடு.

"கவலைப்படாதீங்க தூரிட், சனிக்கிழமை என் கார்லயே போயிடலாம்" என்றான்.

என்னிடம் சொல்லவில்லை பார், அவளிடம் சொன்னான். அவளும் "அடடா, ரொம்ப நல்லதாப் போச்சு" என்று சிரிக்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது, போர்கில்ட். ஒளிக்காமல் சொல்கிறேன், பற்றி எரிந்தது.

அன்றைக்கே முடிவு கட்டினேன், சனிக்கிழமைக்குள் என் வைப்பர் ஓடவேண்டும், தூரிட் என் பக்கத்தில் உட்கார்ந்து போகவேண்டும். ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. சுத்தியல் காம்பால் மோட்டாரை இரண்டு தட்டு தட்டினேன், அசையவில்லை. சரி, மோட்டார்தான் செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, பழைய கார் உடைக்கிற இடத்துக்கு பஸ்ஸில் போய் வேறு மோட்டார் வாங்கிவந்து, முதுகு ஒடிய மாட்டினேன். பொத்தானைப் போட்டால் அதுவும் கல்லு மாதிரி கிடக்கிறது.

வியாழக்கிழமை எங்கள் தெருவில் டுக்னாட். உனக்குத் தெரியாததா, தெருவே திரண்டு சாக்கடை வாருகிற நாளில் யாராவது உதவ வந்தால் வேண்டாம் என்று சொல்லக்கூடாது, சொன்னவனை அடுத்த வருஷம் வரை பேசுவார்கள். அது தெரிந்துதான் ஐலர்ட் என் கார் பக்கம் வந்தான். தூரிட் சுட்ட வாஃபிள் ஒரு கையில், அதன்மேல் என் வீட்டுப் பழுப்புச் சீஸ். இன்னொரு கையில் இரண்டு கம்பி வைத்த சின்ன விளக்கு. காலையிலிருந்து "கை கழுவிட்டு வர்றேன்" என்று எங்கள் வீட்டுக்குள் போவதும், போனால் பியானோ பக்கத்து நாற்காலியில் சாய்ந்துகொள்வதுமாகத்தான் இருந்தான். அப்படி எத்தனை தடவை கை கழுவுவான் ஒரு மனுஷன்?

மோட்டாருக்கு வருகிற கம்பியில் விளக்கின் ஒரு முனையை வைத்தான், மறுமுனையை பேட்டரியின் மைனஸ் முனையில் வைத்தான். விளக்கு எரிந்தது. அந்த மறுமுனையையே எடுத்து, மோட்டாரின் எர்த் கம்பி காரின் உடம்போடு சேர்கிற திருகில் வைத்தான். எரியவில்லை.

"பாத்தீங்களா தூரிட்? கரண்ட் வருது. வந்தது திரும்பிப் போக வழியில்ல. எர்த்துதான் கோளாறு, மோட்டார் மேல தப்பு இல்ல."

கார் என்னுடையது, விளக்கம் என் பெண்டாட்டிக்கு. அவள் என்னமோ உலகத்தில் முதல்முறை விளக்கு எரிவதைப் பார்க்கிறவள் மாதிரி தலையாட்டுகிறாள்.

"அதெல்லாம் இல்ல, பழைய மோட்டார் செத்துப்போச்சு, நானே பாத்தேன்" என்றேன். நிரூபிக்கிறேன் பார் என்று கழற்றிப்போட்ட மோட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டு, இரண்டு கம்பியை நேராக பேட்டரியில் வைத்தேன். செத்த மோட்டார் உயிரோடு எழுந்தது, போர்கில்ட். அதன் கை சுழன்று என் ஸ்வெட்டரைப் பிடித்தது, தூரிட் கிறிஸ்துமஸுக்குப் பின்னிய நீல ஸ்வெட்டரை, பிடித்ததோடு விடாமல் சுற்றிச் சுற்றி இழுத்து என் தாடையை மோட்டாரோடு ஒட்டவைத்தது. தெருவே வாரியலைப் போட்டுவிட்டுப் பார்க்கிறது. ஐலர்ட்தான் கம்பியைப் பிடுங்கினான்.

"மோட்டார் நல்ல பலமாத்தான் இருக்கு" என்றான். தூரிட் சிரித்த சிரிப்பில் வாஃபிள் மாவுக் கரண்டி கீழே விழுந்தது.

அவன் சொன்னதை அவன் முன்னாலேயே சரிபார்க்க எனக்கு என்ன பைத்தியமா? மறுநாள் அவன் பாட்டுப் பயிற்சிக்குப் போன பிறகு அந்தத் திருகைக் கழற்றினேன். அடியில் பச்சைப் பெயிண்ட். தடிமனாக, அருமையாக, ஒரு இடம் விடாமல் பூசிய பெயிண்ட். போன இலையுதிர்காலத்தில் ஐலர்ட் தன் கார் பானெட்டைத் திறந்து வைத்திருந்தான், உள்ளே துரு ஒரு பொட்டு இல்லை, தூரிட் "எவ்வளவு சுத்தம்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக, கடல் உப்பு தொடாதபடி என் காரின் திருகுகளையெல்லாம் கழற்றி, அடியில் பெயிண்ட் அடித்து மாட்டினவன் நான்தான். எப்படியோ குளிர்காலத்தை ஓட்டிவிட்டு இப்போது கழுத்தை அறுத்துவிட்டது. ஆக, இந்தக் கோளாறுக்கும் மூலகாரணம் ஐலர்ட்தான் என்பதை நீ கவனிக்கவேண்டும்.

பெயிண்டைச் சுரண்டி, திருகை முடுக்கி, பொத்தானைப் போட்டேன். வைப்பர் ஓடியது. பூவாளியில் தண்ணீர் கொண்டுவந்து கண்ணாடியில் ஊற்றி ஊற்றிப் பார்த்துக்கொண்டு நின்றேன், எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

சனிக்கிழமை தூரிட் என் காரில்தான், என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஆனால் வழி முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை. பெர்கனில், ஏப்ரலில், வெயில். நான் விடவில்லை, காய்ந்த கண்ணாடியிலேயே வைப்பரைப் போட்டு ஓட்டினேன். அது கிறீச் கிறீச் என்றது. "நிறுத்தித் தொலை ஹால்வர், காது கிழியுது" என்றாள். பின் இருக்கையிலிருந்து ஒரு தடித்த குரல் "ஓடட்டும், எர்த் நல்லா பிடிச்சிருக்கு" என்றது. ஆமாம், அவனும்தான் வந்தான். ஒரே இடத்துக்கு இரண்டு கார் எதற்கு என்று தூரிட் கூப்பிட்டுவிட்டாள். வழியெல்லாம் அவளிடம் வடக்கே இப்போது வானிலை எப்படி, பனி கரைந்துவிட்டதா என்று விசாரிக்கிறான். பெர்கனில் இருக்கிறவனுக்கு வடக்கத்திப் பனி எதற்கு? பேச்சுக்கு ஒரு சாக்கு, வேறென்ன.

அதனால் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நீ உடனே கிளம்பி வா. மே பதினேழு வரைக்கும் இங்கேயே இரு. அங்கே தனியாக இருந்து என்ன செய்யப்போகிறாய்? அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நீ அவனுக்கும் தூரிடுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள், ஒரு நிமிஷம்கூட அவனைக் கண்ணை விட்டு அகலவிடாதே. பெண்களுக்குத்தான் பெண்கள் விஷயம் பிடிபடும்.

உன் பூனைக்கு என் விசாரிப்பு. ஆண்டவர் உன் கூரையையும் உன் முழங்காலையும் காக்கட்டும்.

இப்படிக்கு, நெஞ்சு பொறுக்காத உன் அண்ணன்,
ஹால்வர்

பி.கு.: உறையில் போடும் முன் தூரிட் இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். நின்று சிரிக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். "அட முட்டாளே, பியானோ மேல உன் தங்கச்சி போட்டோ இருக்கு. அதைப் பாக்கத்தான் அந்த மனுஷன் வந்து வந்து உட்கார்றார். குடை பிடிச்ச அன்னைக்கிலேர்ந்தே உன் தங்கச்சியைப் பத்தித்தான் என்கிட்ட கேக்கிறார்" என்கிறாள். ஆகையால் மேலே வா என்று எழுதியதை அடித்துவிடு. வராதே. நீ அவனைக் கட்டிக்கொண்டால் ஒவ்வொரு ஞாயிறும் உரிமையோடு வந்து என் சீஸைத் தின்பான், உறவுக்காரனை வாசலில் நிறுத்தவும் முடியாது. தூரிட் என் தோளுக்குப் பின்னால் நின்று வா என்று எழுதச் சொல்கிறாள். சரி, வா. ஆனால் விமான நிலையத்துக்கு நான்தான் வருவேன். விஷயம் தெரிந்து அவன் இப்போதே தன் காரைக் கழுவிக்கொண்டிருக்கிறான், ஜன்னலில் தெரிகிறது. நீ அதில் ஏறக்கூடாது. என் காரில், என் பக்கத்தில்தான் உட்காரவேண்டும். எனக்கு இருப்பது ஒரே ஒரு தங்கை.